லாகின் பண்ணதுமே கிளம்புற கூட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்,

கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு கடைக்கு தூக்கிட்டு போனா முதல்ல ரேம் மாத்துங்கன்னு தான் சொல்றாங்க, ஆனா லாகின் பண்ண உடனே எத்தனை சாஃப்ட்வேர் தானா ஓட ஆரம்பிக்குதுன்னு யாருமே பாக்குறதில்ல, அதனால உங்க பேப்பர்ல இதை போடுங்க சார். விண்டோஸ் 10, 11ல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல ஸ்டார்ட்அப் பக்கத்துல லிஸ்ட் இருக்கும், எது எவ்ளோ இழுக்குதுன்னு ஹை, மீடியம், லோன்னு அதுவே காட்டும். வேண்டாததை ரைட் கிளிக் பண்ணி டிசேபிள் கொடுங்க, சாஃப்ட்வேர் எங்கயும் போகாது, நாம திறந்தா தான் திறக்கும் அவ்ளோதான். ஆன்டிவைரஸ் மேல மட்டும் கை வைக்காதீங்க. பழைய விண்டோஸ் 7ல எம்எஸ்கான்ஃபிக்ங்கிற (msconfig) செட்டிங்ஸ் பெட்டியில இருந்துச்சு இந்த லிஸ்ட்.

சிலது தானா வந்தா நல்லது தான், டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி பக்கம் அமைக்கிற வேலை பாக்குறவங்களுக்கு என்எச்எம் ரைட்டர் மாதிரி தமிழ்ல டைப் பண்ற சாஃப்ட்வேர் காலையிலயே ரெடியா இருக்கணும்ல. அதுக்கு விண்டோஸ் கீயோட ஆர் அமுக்கி, வர்ற பெட்டியில shell:startup-னு இங்கிலீஷ்ல அடிச்சு எண்டர் கொடுத்தா ஒரு ஃபோல்டர் திறக்கும், சாஃப்ட்வேரோட ஷார்ட்கட்டை அதுல பேஸ்ட் பண்ணா போதும், ஷார்ட்கட்டை எடுத்துட்டா தானா வர்றது நின்னுடும். இதுக்கு போய் தனியா ஒரு சாஃப்ட்வேர் காசு கொடுத்து வாங்குறவங்களும் இருக்காங்க!

எனக்கு கடுப்பே இன்ஸ்டால் பண்றப்போ நம்மள கேக்காமலே தன்னை அந்த லிஸ்ட்ல சேர்த்துக்குற கம்பெனிங்க மேல தான், ஒரு டிக் பாக்ஸ் வச்சு கேட்டா என்ன குறைஞ்சிடும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்