சபை உதவிச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

கிறிஸ்துவுக்குள் பிரியமான சேகர குரு ஐயரவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், சபையார் எல்லாருக்கும் தோத்திரம்.

போன ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். செயலாளராக இது எனக்கு நான்காவது அறிக்கை. முந்தைய மூன்றும் ஒரு பக்கத்துக்குள் முடிந்தன. இந்த வருடம் வீடு வீடாகப் பிடி அரிசி சேர்த்த விஷயத்தை முழுதாகச் சொல்லியாக வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளும். பொறுமையாகக் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாதம் ஒன்று வீதம் 12 கமிட்டிக் கூட்டங்கள் கூட்டினோம். போதிய பேர் வந்து நடந்தவை 5. ஜூன் மாதம் 11 பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் சீருடைத் தையல் கூலியும் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாமுக்கு ஒரு வேன் நிறைய ஆட்களை அனுப்பினோம். ஸ்தோத்திரப் பண்டிகையும், ஊருக்கே சோறு போடும் அசனமும் வழக்கம்போல் நடந்தன. கிறிஸ்துமஸ் பவனி 3 இரவுகள் போனது. லெந்து (தவக்) காலக் காணிக்கை உறைகள் எல்லா வீட்டுக்கும் கொடுக்கப்பட்டு, பாதிக்கு மேல் திரும்பி வந்தன.

இனி அரிசி விஷயம்.

2023 ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டபோது முதல் தேங்காய் 3,500 ரூபாய்க்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஏலத்தை நான் குறை சொல்லவில்லை. ஆலயத்தின் தென்புறக் கூரைக்கு ஓடு மாற்றியது அந்தப் பணத்தில்தான். ஆனால் அதே வாரம், ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. கால் வீங்கி ரேஷன் கடைக்குப் போக முடியவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் உட்காரும் இடம் காலியாக இருந்ததைக் கவனித்துப் போய்ப் பார்த்தவர் ஆலயப் பணிவிடை செய்யும் நம் கோயில்பிள்ளை மட்டும்தான். 84 குடும்பங்கள் உள்ள சபை இது. ஊரே ஒரு கூப்பிடு தூரம். நமக்கு எப்படித் தெரியாமல் போனது என்ற கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பாட்டிக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போட சங்கத்தில் பணம் இருந்தது. போய்ப் பார்க்க ஆள்தான் இல்லை.

கைப்பிடி அரிசி நமக்குப் புதிதல்ல. உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, அதை ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் கொடுத்த பெரியம்மாக்கள் இன்றும் நம் சபையில் இருக்கிறார்கள். மிசோரம் சபைகளில் நூறு வருடத்துக்கு மேலாக இந்தப் பழக்கம் விடாமல் நடக்கிறது, பெரிய ஊழியங்களே அந்த அரிசியில் நடக்கின்றன. நம் திருநெல்வேலிச் சீமைக்கும் சொந்தக் கையிலிருந்து கொடுத்த முன்மாதிரி உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்து பிற்பாடு அத்தியட்சர் (பிஷப்) ஆன அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனெரி சங்கம் நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடமே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணத்துக்குக் காத்திராமல் நம் முன்னோர் கொடுத்த பணத்தில் ஊழியர்களை அனுப்பினார்கள்.

அதே அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசியதை ஐயரவர்கள் ஒரு பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனெரிமார் முகத்துக்கு நேரே கேட்டார். அப்போது அவருக்கு வயது 35. வெள்ளைக்காரர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது அந்தக் கேள்வியை வடக்குத் தெருவைப் பார்த்துக் கீழத்தெரு கேட்டால் நாம் என்ன சொல்லப் போகிறோம்? அரிசித் திட்டத்தைக் கமிட்டியில் வைத்தபோது நான் கேட்டது இது ஒன்றுதான்.

"இந்தக் காலத்தில் யார் பிடி அரிசி எடுப்பார்கள், ஆளுக்கு 100 ரூபாய் வாங்கி மொத்தமாக மூட்டை எடுத்துவிடலாமே" என்று சிலர் சொன்னார்கள். கணக்குக்கு அது சுலபம்தான். ஆனால் பணமாக வாங்கினால் யாரும் யார் வீட்டு நடையும் ஏற வேண்டியதில்லை. நான் விரும்பியதே அந்த நடை ஏறுதலை. ஒருவழியாக ஜூன் முதல் வாரம் தொடங்கினோம். பானை என்று எதுவும் வாங்கித் தரவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில், பழைய பால்பவுடர் டப்பா, வீட்டில் எது இருக்கிறதோ அது. 61 வீடுகள் சேர்ந்தன. சனிக்கிழமை 4 மணிக்குச் சாக்கோடு புறப்படுவது என்று ஏற்பாடு.

முதல் மாதத்தில் நான் ஒரு தவறு செய்தேன். கடையில் வாங்கிய அரிசியும் ரேஷன் அரிசியும் கலந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது என்று நினைத்து இரண்டு சாக்கு கொண்டுபோனேன். மூன்றாம் சனிக்கிழமை வடக்குத் தெருவில் ஒரு சித்தி, தன் டப்பாவை நான் இரண்டாவது சாக்கில் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க அரிசிக்குத் தனிச் சாக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மறுவாரம் அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இராப்போஜனத்தில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் நிறைந்திருந்ததைக் கண்டித்து, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனத்தை நூறு தடவை வாசித்தவன் நான். அசனத்தில் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிற சபை, அரிசியில் பந்தி பிரித்தது என் கையால். அன்றே ஒரு சாக்கை வீட்டில் வைத்துவிட்டேன். கலந்த அரிசியை ஊறப்போட்டு இட்லிக்கு அரைத்தால் ஒரு குறையும் இல்லை என்று ஐயரம்மாதான் வழி சொன்னார்கள். அந்தச் சித்தியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவர் டப்பாதான் தெருவிலேயே முதலில் நிறைகிறது. கவிழ்த்த பிறகு அடியில் இரண்டு தட்டுத் தட்டி, ஒட்டியிருக்கும் மணியையும் சாக்கில் உதிர்த்துவிட்டுத்தான் டப்பாவை உள்ளே எடுத்துப் போவார்.

மார்ச் முடிய அறுநூறு கிலோவுக்கு மேல் சேர்ந்தது. 9 வீடுகளுக்குத் தவறாமல் போகிறது. அரிசியைவிடப் பெரிய லாபம் திண்ணையில் கிடைத்த பேச்சு. கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் ஒரு பெண்பிள்ளை 3 வாரமாக வீட்டில் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. கட்டணத்தை இரண்டு பேர் பகிர்ந்து கட்டினார்கள், பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து பேசி நான்கு மாதமாகிறது என்று ஒரு வயதான தம்பதியர் சொன்னதும் அங்கேதான். அவர்களுக்கு அரிசி குறைவில்லை. சனிக்கிழமை யாராவது வந்து காப்பி குடித்துவிட்டுப் போவதற்காகவே அவர்கள் டப்பாவை நிறைத்து வைத்துக் காத்திருக்கிறார்கள்.

அடுத்து, சபைக் கூட்டத்தில் என்மேல் வந்த குற்றச்சாட்டு. ஆலயத்துக்கே வராத ஒரு வீட்டுக்குச் சங்கப் பணத்தில் ஆட்டோ வாடகை கொடுத்தது ஏன் என்று கேட்டார்கள். அன்று பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, இப்போது சொல்கிறேன்.

கீழத்தெருவில் உள்ள வீடு அது. வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். சிகிச்சைக்குச் செலவில்லை, போய்வரத்தான் செலவு. பஸ்ஸில் ஏற்றி இறக்க அந்த அம்மா ஒருத்தியால் முடியாது. அவர்கள் ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை என்பதை விசாரித்தவர்கள் யார்? 2023 மார்ச்சில் சந்தா பாக்கிப் பட்டியலை ஆராதனை முடிவில் வாசித்தோம். வாசித்தவன் நானே. அந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏழாவது. பாக்கி 600 ரூபாய். அடுத்த ஞாயிறு முதல் அவர்கள் வரவில்லை. அரிசிக்காக அந்த நடையில் ஏறும்வரை இந்தக் காரணம் எனக்கே தெரியாது.

என்னைக் கண்டதும் அந்த அம்மா, "பாக்கி கேட்டு வந்தியளா அண்ணாச்சி?" என்றார். "இல்லம்மா, பிடி அரிசி கேட்டு வந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ச் சுளகில் அரிசி எடுத்து வந்தார். அதில் கிடந்த இரண்டு கல்லைப் பொறுக்கி முற்றத்தில் போட்டுவிட்டுச் சாக்கில் கொட்டினார். இந்த வீட்டில் வாங்கலாமா என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது. வாங்காமல் வந்திருந்தால் அதுதான் பெரிய அவமானமாக இருந்திருக்கும். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்தேன். மறுவாரம் முதல் ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்தேன். கமிட்டியின் அனுமதியைப் பிறகுதான் வாங்கினேன் என்பது உண்மை. அந்த மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 3 பேர், யாரிடம் கேட்பது? அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோது, அவர்கள் கூடுகைக்கு ஒழுங்காக வருகிறார்களா என்று அப்போஸ்தலர் கேட்டதாக வாசிக்கவில்லை. பந்தி விசாரிக்க 7 பேரை ஏற்படுத்தினார்கள். அந்த ஆட்டோ வாடகை தொடர வேண்டும் என்பதே என் முடிவான கருத்து.

சந்தா பற்றிச் சொல்லவே மனம் வலிக்கிறது. மாதம் 50 ரூபாய். 38 அங்கத்தினர் ஆறு மாதத்துக்கு மேல் கட்டவில்லை. பட்டியலை இந்த அறிக்கையில் சேர்க்கும்படி கமிட்டி கேட்டது. நான் சேர்க்கவில்லை. மேலே சொன்ன வீட்டைப் பார்த்த பிறகு இன்னொரு முறை அதை என் வாயால் வாசிக்க மாட்டேன். இந்த 38 பேரில் உண்மையிலேயே முடியாதவர்கள் 10 பேர் இருப்பார்கள். அவர்கள் ஒரு ரூபாயும் தர வேண்டாம், கூட்டத்துக்கு மட்டும் வந்தால் போதும். மற்றவர்கள் தங்கள் நிலையை அறிவார்கள். அசனத்துக்கு ஆட்டுக்கும் அரிசிக்கும் 10,000 கொடுத்து மைக்கில் பெயர் வாசிக்கப்பட்ட அன்பர்களில் சிலரும் இந்த 38-ல் உண்டு. அவர்கள் தாராளமானவர்கள், அதில் சந்தேகமில்லை. அந்த 10,000 வருடத்தில் ஒரு மத்தியானம் ஊருக்கே சோறு போடுகிறது. இந்த 50 மற்ற நாட்களுக்கு.

அரிசி எடுக்க முதல் கூட்டத்தில் கை தூக்கியவர்கள் 6 பேர். ஆகஸ்டில் 4 பேர். தீபாவளிக்குப் பிறகு நானும் கோயில்பிள்ளையும் மட்டும்தான். மழைக் காலத்தில் இரண்டு சனிக்கிழமை நான் காய்ச்சலில் படுத்தபோது அவர் ஒருவரே சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு நான்கு தெருவும் சுற்றினார். 61 வீடுகள் 43 ஆனதற்கு ஜனங்கள் காரணமல்ல. நிறைத்து வைத்த டப்பாவை எடுக்க இரண்டு வாரம் ஆள் வராவிட்டால், வண்டு விழுந்த அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது, தணிக்கை முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் போடப்படும். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, சிறு தொகை கையிருப்பு உண்டு. ஆட்டோ வாடகையும் பள்ளிச் செலவும் எதிர்பார்த்ததைவிடக் கூடின. அரிசிக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் ஆலோசனை சொன்ன ஐயரவர்களுக்கும், ஐயரம்மாவுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், கணக்கு எழுதிய பொருளாளருக்கும், பவனியில் பாடிய பாடகர் குழுவினருக்கும், வேன் கொடுத்து உதவிய அன்பருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. கோயில்பிள்ளைக்குத் தனியாக என் நன்றி.

வரும் வருடத்துக்குப் புதுத் திட்டம் எதுவும் நான் வைக்கவில்லை. என் பதவிக் காலம் ஜூனோடு முடிகிறது. தொடரச் சொன்னால் தொடர்வேன், வேறு ஒருவர் முன்வந்தால் நோட்டையும் சாக்கையும் சந்தோஷமாக ஒப்படைப்பேன். எனக்கு வேண்டியது தெருவுக்கு இரண்டு பேர் வீதம் 8 பேர். வாரம் ஒரு மணி நேரம் போதும். பைக் இருப்பவர்கள் வந்தால் இன்னும் நல்லது, கோயில்பிள்ளைக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. பெயர் கொடுக்க வேண்டியதில்லை, நானும் அறிவிக்க மாட்டேன். வருகிற சனிக்கிழமை 4 மணிக்கு ஆலய வாசலில் இருப்பேன். கீழத்தெருவிலிருந்து தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
கர்த்தருடைய பணியில்,
செயலாளர்