எந்தக் கை என்று கேட்டீர்களே, அப்பா

மன்ஹாட்டன், கான்சாஸ்
14 டிசம்பர் 2025, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நாலு முறை பதில் எழுத உட்கார்ந்து, நாலு முறையும் பாதியில் எழுந்துவிட்டேன். போனில் நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்றுதானே? ஆனால் அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. "ஒரு கையில் சோறும் ஒரு கையில் குண்டும் வைத்திருக்கிறவன் ஊரில் இருக்கிறாய். நீ எந்தக் கைக்கு வேலை பார்க்கிறாய்?"

நான் நன்றாக இருக்கிறேன். குளிர்தான் அதிகம். இன்று மைனஸ் 12. அறையில் சூட்டைக் குறைத்தே வைத்திருக்கிறேன், இரண்டு சுவெட்டர் போட்டால் போதும், பழகிவிட்டது. சனி ஞாயிறுகளில் வளாகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு எடுத்து வைக்கிற வேலைக்கு நிற்கிறேன். பொழுதும் போகிறது, ஒரு வேளைச் சாப்பாடும் அங்கேயே ஆகிவிடுகிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

எதிர்வீட்டு சார்ஜென்ட் அப்படியேதான் இருக்கிறார். பனி கொட்டினால் விடியுமுன்னே எழுந்து தெரு முழுக்க எல்லார் வாசலையும் அவரே வாரிவிடுகிறார். யார் நன்றி சொன்னாலும் பதில் பேசமாட்டார். தட்டில் ஒரு பருக்கை விடமாட்டார், ரொட்டித் துண்டால் துடைத்துத் தின்பார். ஏன் என்று போன மாதம்தான் தெரிந்தது. 1992 டிசம்பரில் சோமாலியாவில் பைடோவா என்ற ஊருக்குத் தானிய லாரிகளுக்குக் காவலாகப் போனவராம். பஞ்சத்தில் ஊரே செத்துக்கொண்டிருந்தது, வந்த மூட்டைகளை ஆயுதக் கும்பல்கள் அடித்துக்கொண்டு போயின. துப்பாக்கியோடு மூட்டைமேல் உட்கார்ந்து போனதால்தான் கஞ்சித் தொட்டிக்குத் தானியம் சேர்ந்தது என்றார். அப்புறம் தலைநகர் மொகாதிஷுவில் அதே படை ஓர் ஆயுதக் கும்பலின் தளபதியைப் பிடிக்கக் கிளம்பியது. 1993 அக்டோபரில் ஒரே சண்டையில் 18 அமெரிக்க வீரர்களும், நூற்றுக்கணக்கான சோமாலியர்களும் செத்தார்கள். சோற்றுக்குக் காவல் போன துப்பாக்கி சோற்றை மறந்துவிட்டு ஆளைத் தேடப் போய்விட்டது, அப்பா. ஆறு மாதத்துக்குள் படையைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்தப் பயத்தில், 1994-இல் ருவாண்டாவில் நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேரை வெட்டியபோது அமெரிக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றது. "போனதும் தப்பு, போகாததும் தப்பு" என்று சொல்லிவிட்டு அவர் ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே பக்கத்தில்தான் ஃபோர்ட் ரைலி ராணுவ முகாம். பீரங்கிப் பயிற்சி நடக்கும் நாளில் என் அறைக் கண்ணாடி நடுங்கும். முகாமைத் தாண்டிப் போனால் கண்ணுக்கு எட்டினமட்டும் சோளக்காடு. அமெரிக்காவிலேயே கான்சாஸில்தான் சோளம் அதிகம் விளைகிறது. அதில் ஒரு பங்கு உதவிக் கப்பலில் ஏறி எத்தியோப்பியாவுக்கும் சூடானுக்கும் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் கேட்ட இரண்டு கையும் எனக்குப் பக்கத்தூரில்தான் இருக்கின்றன.

நான் பார்த்த வேலை எந்தக் கைக்கு என்று உங்களுக்குத் தெரியும். நம் வடக்குப் புஞ்சையில் சோளத்தின் வேரை உறிஞ்சுமே சுடுமல்லி, அதே களை ஆப்பிரிக்காவில் காட்டையே தின்றுவிடுகிறது. அதைத் தாங்கும் சோளத்தைத் தேடினோம். மூன்று வருடம் ஒவ்வொரு கதிருக்கும் காகித உறை மாட்டினேன். அதற்கான பணம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டில் இருந்து வந்தது. 1961-இல் அதிபர் கென்னடி தொடங்கியது. இந்த ஜனவரி 20-ஆம் தேதி டிரம்ப் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தார், ஜூலை 1-ஆம் தேதி அந்த அமைப்பையே மூடிவிட்டார்கள். விதைகள் குளிர் அறையில் பழுப்பு உறைகளுக்குள் கிடக்கின்றன. உறைமேல் பென்சிலில் எழுதிய எண்கள் என் கையெழுத்து. எனக்குப் பாடம் நடத்தும் வேலை கொடுத்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

வயிறு எரிவது எதற்கென்றால், இந்த அரசு செலவழிக்கும் நூறு ரூபாயில் வெளிநாட்டு உதவிக்குப் போனது ஏறக்குறைய ஒரு ரூபாய். ராணுவத்துக்குப் போவது பதிமூன்று. ஆனால் கருத்துக்கணிப்பில் கேட்டால், கால்வாசிப் பணம் உதவிக்கே போகிறது என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். கொடுக்கிறவனிடம் மட்டும் கணக்குக் கேட்கிறார்கள், அடிக்கிறவனிடம் யாரும் கேட்பதில்லை. 2003 ஜனவரி 28-ஆம் தேதி அப்போதைய அதிபர் புஷ் நாடாளுமன்றத்தில் பேசியதை முழுக்கப் பார்த்தேன். அந்த ஒரே பேச்சில் ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு 1,500 கோடி டாலர் கேட்டார், இராக் போருக்கும் நியாயம் சொன்னார். அந்தப் பணத்தில் தொடங்கிய மருந்து உதவி இதுவரை இரண்டரைக் கோடி உயிரைக் காப்பாற்றியதாக இங்கே அரசே சொல்கிறது. அந்தப் போர் எத்தனை உயிரைத் தின்றது என்று நீங்களே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள்.

உதவி என்பது கழுத்துக் கயிறு என்று எழுதியிருந்தீர்கள். 1966-இல் வியட்நாம் போரை இந்தியா கண்டித்தது என்று அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மாதாமாதம் இழுத்துப் பிடித்தாரே, அது அநியாயம். நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பா, அதே வருடம் நீங்கள் இரண்டாம் வகுப்பு. கைகுலுக்கும் படம் போட்ட சாக்கில் வந்த மஞ்சள் மாவு உப்புமாவுக்காகத்தான் அப்பத்தா உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினாள் என்று நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! அந்தக் காலிச் சாக்கில் தைத்த பை என் காலம்வரைக்கும் நம் வீட்டில் இருந்தது. கயிறு தப்பு, அறுத்து எறிய வேண்டியதுதான். ஆனால் அந்த உப்புமா தப்பா? எந்தக் கைக்கு என்று கேட்டால், உங்களுக்கு உப்புமா போட்ட கைக்குத்தான் வேலை பார்த்தேன். இன்றைக்கு அந்தக் கையைத்தான் வெட்டிவிட்டார்கள். மற்றது அப்படியே இருக்கிறது. அது இருப்பது கண்ணாடி நடுங்கும்போது தெரிகிறது.

போன வாரம் இங்கத்திச் சோளத்தை வாங்கி இடித்துச் சோறாக்கிப் பார்த்தேன். பருப்புக் குழம்பும் வைத்தேன். மூடியைத் திறந்ததும் அம்மா அடுப்படியில் நிற்கிற மாதிரி வாசனை வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை, மறுநாள்தான் சாப்பிட்டேன். நாளை மறுநாள் மார்கழி பிறக்கிறது. விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கர் போடுவார்கள் இல்லையா, ஒரு நாள் போனை வாசலில் பிடிக்கச் சொல்லுங்கள்.

சரி, வீட்டு விஷயம். இந்த மாதம் அனுப்பும் பணம் கொஞ்சம் குறையும், தை மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அதற்குள் அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். சங்கத்து நகைக்கடனில் என் வளையலை வையுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வடக்குப் புஞ்சையை விற்க வேண்டாம் என்று அண்ணனிடம் நானே பேசுகிறேன். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததாக எழுதியிருந்தீர்களே, காப்பீடு கட்டிய ரசீதும் அடங்கலும் பத்திரமாக இருக்கிறதா? அடுத்த வருடம் அதில் பாதிக்காவது இருங்குச் சோளம் போடுங்கள். அடுக்குப்பானையில் இருக்கும் விதையை வண்டு அரிக்காமல் வெயிலில் ஒருமுறை காயவைக்கச் சொல்லுங்கள்.

பன்றிக் காவலுக்கு இரவில் தனியாகப் போகாதீர்கள் அப்பா. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய டார்ச் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்