சைக்கிளில் திரிந்த முதல்வர்

ஆசிரியருக்கு,

எங்கள் முதியோர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பிரமுகர் வருகிறார் என்று காலையிலிருந்தே கதிரை துடைத்தோம். ஒன்றரை மணித்தியாலம் பிந்தி மூன்று வாகனத்தில் வந்திறங்கினார். வடையும் ஆறிப்போச்சு.

மகளிடம் ஜேர்மனி போயிருந்தபோது கேள்விப்பட்ட ஹென்னிங் ஷேர்ஃப்தான் நினைவுக்கு வந்தார். 1995 முதல் 2005 வரை பிறேமன் மாநிலத்தின் முதல்வர். இரண்டு மீற்றர் உயர மனிதர், சைக்கிளில் திரிவாராம். பதவி விட்டபின் பாடகர் குழுக்களின் சம்மேளனத்துக்குத் தலைமை, நிகரகுவாவுக்கு உதவும் சங்கத்தில் தொண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது, மனைவியோடும் நண்பர்களோடும் ஒரே வீட்டில் கூடி வாழ்ந்தது.

இங்கே பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில். வீட்டுக்கொரு கிழடு தனியே. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரே உலையில் அரிசி போடத் தொடங்கி ஒரு மாதமாகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
முரசுமோட்டை, கிளிநொச்சி.