நம் ஓடைத் தண்ணீர் போய்ச் சேரும் கடலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

நீலகிரிப் பள்ளிகளின் சுற்றுலாப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தாய் எழுதுகிறேன். பள்ளிச் சுற்றுலாவுக்கு இடம் முடிவு செய்கிற நேரம் இது. வழக்கம்போலக் கீழே ஏதாவது ஒரு தீம் பார்க்கைத்தான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த வருஷம் அவர்களைப் பாக் விரிகுடாவுக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவு தூரம் எதற்கு என்பீர்கள். நம் தண்ணீர் அங்கேதான் போகிறது. குன்னூர் ஊருக்குள் ஓடும் ஆறு, குந்தா, முதுமலையைத் தாண்டி இறங்கும் மாயாறு எல்லாமே பவானியில் கலக்கின்றன. பவானி, கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் அதிலிருந்து பிரியும் கோரையாறு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து கடலைத் தொடுகிறது. பஸ்ஸும் ஏறக்குறைய இதே வழியாகத்தான் போக வேண்டும். கூடுதுறையிலும் கல்லணையிலும் கொஞ்சம் நிறுத்திக் காட்டினால் போதும், புவியியல் பாடம் பாதி முடிந்துவிடும்.

முத்துப்பேட்டையில் அவசரப்படாதீர்கள். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டுப் படகில் உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் விரல் நீளத்துக்கு மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். சேற்றில் காற்று கிடையாது, அதனால் வேர் வெளியே வந்து சுவாசிக்கிறது. ஓர் அலையாத்தி இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும். வேர் வழியாக ஏறிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. முறிந்த மரங்களையும் மறுபடி துளிர்த்தவற்றையும் பற்றிப் படகோட்டிகளிடம் கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

அப்புறம் மனோரா. சரபோஜி மன்னர் கட்டிய கோபுரத்தைச் சீக்கிரம் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு வாருங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தப் பிராணி, நம் வரையாடு மலைப்புல்லை நம்பியிருப்பதுபோலக் கடற்புல்லை நம்பி வாழ்கிறது. அதைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு மீனவரோடு அரை மணி நேரம் பேச விடுங்கள். வலையில் சிக்கிய ஆவுளியா மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும் என்பதையும், வலையை அறுத்து அதைக் கடலிலேயே விடும் மீனவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்கட்டும்.

நேரம் இருந்தால் கோடியக்கரை. 1967இலிருந்து சரணாலயம், வெளிமான்களும் குளிர்காலத்தில் பூநாரைகளும் உண்டு.

நம் ஊருக்கு வருகிறவர்கள் குரங்குக்கு பிஸ்கட் போட்டு, பாட்டிலை ஓடையில் எறிந்துவிட்டுப் போகும்போது நமக்கு எவ்வளவு வயிறு எரிகிறது! அங்கே நாம்தான் விருந்தாளிகள். ஸ்பீக்கர் வேண்டாம். போட்டோவுக்காக மானைத் துரத்த வேண்டாம். தண்ணீரை அவரவர் எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோகட்டும். குன்னூர் ஆற்றில் விழும் பால் கவரும் பன் கவரும் எந்த வழியில் போகும் என்பதை அவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்தே பார்த்திருப்பார்கள். குளிப்பதற்கு மட்டும் எங்கேயும் இறங்க விடாதீர்கள்; முத்துப்பேட்டையில் சேறு ஆளை இழுக்கும்.

ஜனவரி கடைசி வாரம் சரியாக இருக்கும். மழை ஓய்ந்திருக்கும், பறவைகளும் இருக்கும். பணம்தான் பலருக்கும் கஷ்டம். பனி விழ ஆரம்பித்தால் கொழுந்து குறைந்துவிடும், ஜனவரியில் கேட்டால் எங்களில் பாதிப் பேரால் கொடுக்க முடியாது. அதனால் கட்டணத்தை அக்டோபரிலிருந்தே தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலைப் பணம் கைக்கு வந்த வாரமாகப் பார்த்து நோட்டீஸ் அனுப்பினால் எந்தப் பிள்ளையும் விடுபடாது.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்