கத்திரி வெயிலில் பூக்கும் தோட்டம் ஒன்று வேண்டும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இந்தக் கோடையிலும் நம் பக்கத்திலிருந்து வேன் வேனாக ஊட்டிக்குப் போய் வந்தார்கள். நாங்களும் போனோம். இ-பாஸ் எடுத்து, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் தாண்டி, குன்னூர் மலைப்பாதையில் ஊர்ந்து, தாவரவியல் பூங்கா வாசலில் வரிசையில் நின்று உள்ளே நுழைவதற்குள் பாதி நாள் ஓடிவிட்டது. பூங்காவைக் குறை சொல்லவில்லை. 1848-இல் மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்கலைஞர் தொடங்கிய 55 ஏக்கர் தோட்டம் அது. மலைச்சரிவைச் சரிவாகவே விட்டு அடுக்கடுக்காகப் பாத்தி கட்டியிருக்கிறார்கள். மலர்க் கண்காட்சிக்கென்று மாதக்கணக்கில் முன்பே விதைத்து, தொட்டியில் வளர்த்து, மே மாதத்தில் சரியாகப் பூக்க வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. பூ விளைவிக்கிறவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

கூட வந்த சித்தி காவேரிப்பட்டணம் பக்கம் குண்டுமல்லித் தோட்டம் வைத்திருப்பவர். பேன்சி, பெட்டூனியா, டேலியா என்று பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு தொட்டியின் மேல் குனிந்து மோந்து பார்த்தார். அடுத்த தொட்டி. அதற்கடுத்தது. காவலர் விசில் ஊதியதும் நிமிர்ந்து, "ஏம்பா, இத்தனை பூ இருக்கே, ஒண்ணுலயாச்சும் வாசம் வருதா?" என்றார். ரோஜாவுக்குத் தனிப் பூங்கா இருக்கிறது, போகலாம் என்றேன். "ரோஜாதான் ஓசூர்ல கெடக்கே, அதுக்கு எதுக்கு இம்மாந்தூரம்?" என்றார்.

சித்தி கேட்டதைத்தான் உங்களிடம் கொண்டுவருகிறேன். பூ விளைகிற இரண்டு மாவட்டங்களிலிருந்து பூப் பார்க்க மலையேறிப் போகிறோம். இங்கே பூங்கா வைத்தால் அதுவும் ஊட்டியின் நகலாகத்தான் இருக்கிறது. ஊட்டி 7,000 அடிக்கு மேல் இருக்கிற ஊர். தர்மபுரி சுமார் 1,500 அடி. அங்கே மே மாதத்தில் சிரிக்கிற செடி இங்கே பங்குனியிலேயே கருகிவிடும். நான் பார்த்த பூங்கா ஒன்றில் (பெயர் வேண்டாம்) காய்ந்த பாத்தி, சாயம் போன டைனோசர் பொம்மை, செல்ஃபி எடுக்க ஒரு இதய வளைவு. காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறுக்குப் பூட்டுகிறார்கள். கத்திரியில் பதினொரு மணிக்கு யார் பூப் பார்க்க வருவார்கள்?

நம் கோடைக்கென்று பூ இல்லாமலில்லை. குண்டுமல்லி பங்குனியில் தொடங்கினால் வெயில் ஏற ஏறக் கொட்டும். குளிரில்தான் அது சுருங்கும், விலையும் அப்போதுதான் எகிறும். சம்பங்கி, அரளி, கனகாம்பரம், கோழிக்கொண்டை, செண்டுமல்லி எல்லாம் தண்ணீர் மட்டும் கிடைத்தால் வெயிலுக்கு அஞ்சாதவை. சித்திரையில் சரக்கொன்றையை யாரும் கவனிப்பதுகூட இல்லை. அது பாட்டுக்குப் பூத்துத் தொங்குகிறது.

இன்னொன்று, பூ விவசாயம் பார்க்காதவர்களுக்குத் தெரியாது. குண்டுமல்லியை மொட்டாகவே பறித்துவிடுவோம். விடிவதற்கு முன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் மூட்டை தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். அது விரிவது சாயங்காலம், யாரோ ஒருவர் தலையில். தோட்டத்துக்குச் சொந்தக்காரரே செடியோடு விரிந்த மல்லியைப் பார்ப்பது அபூர்வம். பறிக்க ஆள் கிடைக்காமலோ, பறிகூலிக்குக் கட்டுப்படியாகாமலோ விட்டுவிட்ட நாளில்தான் பார்ப்போம். அன்றைக்கு அதை ரசிக்கிற மனநிலையில் யாரும் இருப்பதில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். துறையின் பண்ணையிலேயே ஒரு மூலையில் இரண்டு, மூன்று ஏக்கர் ஒதுக்குங்கள். அதில் அரை ஏக்கர் மல்லியைப் பறிக்காமல் விட்டு வையுங்கள். காலையில் ஆறிலிருந்து ஒன்பது, மாலையில் ஐந்திலிருந்து ஒன்பது; நடுப்பகலில் பூட்டிக்கொள்ளுங்கள். சொட்டுநீர் போதும், நீரூற்று வேண்டாம். குழந்தைகள் தொடுகிற இடம் என்பதால் மருந்தடிக்கக் கூடாது. மொட்டுப்புழு கொஞ்சம் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ஒவ்வொரு மாம்பழத்துக்கும் ரகத்தின் பெயரை எழுதி வைக்கிறோமே, அதுபோல சன்னமல்லி, காக்கடா, குண்டுமல்லி என்று பிரித்து எழுதுங்கள். மூன்றையும் ஒன்றென்று நினைக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் நிறையவே உண்டு. வாசலில் பூக்கட்டும் பெண்களுக்கு நிழலும் குடிநீரும் கொடுங்கள், வாடகை வாங்காதீர்கள்.

ஆட்களுக்கும் அனுபவத்துக்கும் பஞ்சமில்லை. தளியில் இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் கொய்மலர் (காம்போடு வெட்டி விற்கிற பூ) மகத்துவ மையம் இருக்கிறது; ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கே ரோஜா போகிறது. ஏற்றுமதிக்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசி, உள்ளூர்க்காரர் பார்க்கிற பூவுக்கும் வந்தால் போதும்.

ஆடியில் நட்டால் மல்லி பிடித்துக்கொள்ளும். கார்த்திகைக் கடைசியில் லேசாகக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டால் அடுத்த பங்குனியில் கொஞ்சமாவது பூக்கும். முழுசாகப் பூக்க இரண்டாம் வருடம் ஆகும். வேர்விட்ட பதியன் தன் தோட்டத்திலேயே இருக்கிறது, எடுத்துப் போக ஆள் அனுப்பச் சொல் என்கிறார் சித்தி. சும்மா இல்லை, நாற்றங்கால் விலைக்கு.

இப்படிக்கு,
காரிமங்கலத்துக்காரன்