கேட்டுப் பார்த்தவர்களுக்கு நன்றி

கோபிசெட்டிபாளையம் ஆசிரியர் ஐயாவுக்கும், கல்லூரித் தங்கைக்கும், தறிக்காரப் பெரியப்பாவுக்கும் வணக்கம்.

பவானி ஜமக்காளம் விற்க நான் கட்டிய இணையதளத்தைப் போன மாதம் மூன்று பேரும் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிக் கொடுத்தீர்கள். நேரில் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. அதனால் நாலு பேர் அறிய எழுதுகிறேன்.

ஐயா, கவுந்தப்பாடி வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு, "திரையை அணைத்துவிடு தம்பி, காதால் பார்ப்போம்" என்றீர்கள். பார்வையற்றவர்களுக்காகத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான என்விடிஏ பேசத் தொடங்கியது. உங்களுக்குப் பழகிய வேகம் எனக்குத் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போலிருந்தது. குறைத்து வைத்தீர்கள். "ஜமக்காளம், படம். ஜமக்காளம், படம்." நாற்பது தடவை!

முந்தின நாள்தான் ஒரு தானியங்கிச் சோதனைக் கருவி என் தளத்தில் பிழையே இல்லை என்று சொல்லியிருந்தது. படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தைச் சொல்லில் விவரிக்கும் வரி, இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த உரையை வைத்து ஒரு விரிப்பை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியுமா என்று பார்க்காது. ஒரே சொல்லை நாற்பது இடத்தில் ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன் நான்.

"சிவப்பு, கறுப்புக் கோடுகள்" என்று மாற்றினேன். "கோடு எத்தனை விரல் அகலம்?" என்று கேட்டீர்கள். தெரியவில்லை. பெரியப்பா, நீங்கள் குழித்தறியிலிருந்து எழுந்து வந்து ஐயாவின் கையைத் துணிமேல் வைத்து, "இது நாலு விரல் சிவப்பு, இது ஒரு விரல் கறுப்பு, ஓரத்தில் வழவழவென்று ஓடுவது பட்டுநூல்" என்று சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். அந்த வார்த்தைகள்தான் இப்போது மாற்று உரை. கண் தெரிந்தவர்களுக்கும் படத்தின் கீழே அதையே போட்டிருக்கிறேன்.

தங்கை, மவுஸ் இல்லாமல் பக்கத்தில் நகர உதவும் டேப் விசை, நிறம் தேர்ந்தெடுக்கும் வட்டங்களைத் தாண்டிக் குதித்ததைக் கண்டுபிடித்தது நீ. அவை பட்டன் போல வரையப்பட்டவை, பட்டன்கள் அல்ல. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று வார்ப்புருவிலேயே பதிந்திருந்ததையும் பிடித்தாய். திருத்தம் இரண்டே எழுத்து: en போய் ta வந்தது. பின்கோடு தவறானால் சிவப்பில் மட்டும் எச்சரிக்கை வந்தது, குரலில் வரவில்லை. ஐயா மூன்று முறை அழுத்திவிட்டு, "கடை பூட்டியிருக்கிறதா தம்பி?" என்றாரே, அது இன்னும் காதில் இருக்கிறது.

என்விடிஏவை 2006-இல் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரனுக்கும், உடன் உழைத்த ஜேம்ஸ் டெவுக்கும் நன்றி. இருவரும் பார்வையற்றவர்கள், மென்பொருளை இலவசமாகவே கொடுத்தார்கள். இந்த மடல் அவர்களை எட்டாது, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

பணம் செலுத்தும் பக்கம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அது வேறொரு நிறுவனத்துடையது. இரண்டு முறை எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. அதையும் மீறி, ஐயா, ஜமக்காளத்தைச் சும்மா வாங்கிக்கொள்ள மறுத்து, யார் துணையும் இல்லாமல் நீங்களே ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். நாலு விரல் சிவப்பு, ஒரு விரல் கறுப்பு. வெள்ளிக்கிழமை பார்சலில் போட்டாயிற்று.