சீல் கிட் மாத்தியும் டிராக்டர் ஸ்டியரிங்ல ஆயில் ஒழுகுதா? நம்ம ஒர்க்‌ஷாப்ல இருந்து ஒரு மடல்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

கன்னிப்பூ நெல்லு அறுப்பு முடிஞ்சாச்சு, இனி அடுத்த போகம் கும்பப்பூவுக்கு தொளி அடிக்க, அதாவது சேத்துல உழ, எல்லாரும் டிராக்டர வயல்ல எறக்க போறீங்க, அதுக்கு முந்தி ஒரு விஷயம் சொல்லிடணும்னுதான் இத டைப் பண்ணிட்டு இருக்கேன். கொஞ்சம் நீளமாயிடும், சாயா குடிச்சிட்டே படிங்க.

போன மாசம் பூதப்பாண்டி பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி வந்தாரு. கோபம்னா அப்படி ஒரு கோபம். "ரெண்டு மாசம் முந்திதானடே சீல் கிட் மாத்தினே, இந்தா பாரு திரும்பவும் ஒழுகுது, டூப்ளிகேட் போட்டியா?"ன்னு கேட்டாரு. ஒரிஜினல்தான், பில்லு இருக்குன்னு சொன்னேன், நம்பல. (சீல் கிட்னா, முன் வீல ஆயில் பிரஷர்ல தள்ளித் திருப்புற ஸ்டியரிங் சிலிண்டர்ல ஆயில் வெளிய வராம தடுக்குற ரப்பர் வளையங்க.) பொறவு வண்டி முன்னாடி ரெண்டு பேரும் குத்த வச்சு உக்காந்து, ஸ்டியரிங்க ஒரு பக்கமா ஒடிச்சு, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு, சிலிண்டர்ல இருந்து வெளிய நீட்டிட்டு இருந்த ராட வேஸ்ட் துணிய வச்சு தொடச்சு, அவரு பெருவிரல் நகத்தாலேயே நீள வாக்குல கீறி பாக்கச் சொன்னேன். பாதி தூரம் வழுக்கிட்டு போச்சு, ஒரு எடத்துல டக்குன்னு நகம் தட்டி நின்னுச்சு. கடுகு சைசுல ஒரு துரு குழி. அது பக்கத்துலயே இன்னும் ரெண்டு.

சீலு என்ன செய்யும் பாவம், அது வெறும் ரப்பர். ஸ்டியரிங் ஒவ்வொரு தடவ திரும்பும்போதும் அந்தக் குழியோட விளிம்பு சீலோட உதட்ட பிளேடு மாதிரி சீவிட்டே இருக்கும். புது சீல் போட்டா புது சீலயும் சீவும், அவ்வளவுதான். ஆனா இத அன்னைக்கு சீல் மாத்தும்போதே நான் பாத்திருக்கணும், அவரு அவசரப்படுத்தினாருன்னு நானும் பாக்காம மாட்டி விட்டுட்டேன். அது என் தப்பாக்கும். அதனால ரெண்டாவது வேலைக்கு அவருகிட்ட கூலி வாங்கல. இனிமே நம்ம கடையில ராட உங்க கையால நகம் வச்சு பாக்க வைக்காம சீல் கிட் மாத்த மாட்டோம், "சும்மா சீல மட்டும் மாத்தி விடு"ன்னு தயவு செஞ்சு சொல்லாதீங்க.

இந்த 20, 30 ஹெச்பி சின்ன வண்டிங்கள்ல ஸ்டியரிங் சிலிண்டரு முன் ஆக்சில ஒட்டி ரொம்ப தாழ்வா படுத்துக் கெடக்கும். தென்னந்தோப்பு, வாழைத்தோட்டத்துக்குள்ள நொழையணும்னு சின்னதா செஞ்ச வண்டி, அதனால தொளியில எறங்கினா மொதல்ல முங்குறதும் அதுதான். ராடு மேல பளபளன்னு இருக்குறது குரோம் பூச்சு, அது நம்ம தலமுடிய விட மெல்லிசு. தொளி ஈரமா இருக்குற வரைக்கும் பிரச்சினை இல்ல, சாயங்காலம் அப்படியே ஷெட்டுல நிறுத்தி, மறுநாள் காலையில காஞ்ச மண்ணோட ஸ்டியரிங்க திருப்புறீங்க பாருங்க, அங்கதான் வினை. காஞ்ச மண்ணு உப்புத்தாள் மாதிரி, வெளிப்பக்கம் இருக்குற டஸ்ட் சீல் தன்னால முடிஞ்ச மட்டும் வழிச்சு விடும், மிச்சத்த உள்ள கொண்டு போயிடும். குரோம்ல ஒரு கீறல் விழுந்தா தண்ணி அடியில இரும்ப தொடும், துரு கெளம்பி குரோம மேல தள்ளும்.

கடல் பக்கம் உள்ளவங்களுக்கு இது இன்னும் வெரசா நடக்கும். மணக்குடி, புத்தளம், ராஜாக்கமங்கலம் பக்கத்துல இருந்து வர்ற வண்டிங்கள்ல உப்புக்காத்துலயே ராடு புள்ளி புள்ளியா ஆகி நிக்குது.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒண்ணும் இல்ல. சாயங்காலம் வயல விட்டு ஏறுனதும், மண்ணு ஈரமா இருக்கும்போதே ராடு மேல ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்தி, மெத்துன்னு உள்ள துணியால தொடச்சு விடுங்க. கம்பி பிரஷ், ஸ்க்ரூடிரைவர் எதுவும் பக்கத்துல வரக்கூடாது. வாட்டர் சர்வீஸ் விடும்போது பையங்ககிட்ட சொல்லுங்க, சிலிண்டரு வாயிலயும் ஆயில் டேங்க் மூடியிலயும் பிரஷர் கன்ன நேரா அடிக்க வேண்டாம்னு. பத்து பதினஞ்சு நாளு வண்டி சும்மா நிக்கும்னா வெளிய தெரியிற ராடு மேல மெல்லிசா கிரீஸ் தடவி விடுங்க, ஆனா திரும்ப ஓட்டுறதுக்கு முந்தி அத தொடச்சிடணும், இல்லன்னா தூசி எல்லாம் அதுல ஒட்டிக்கும்.

அடுத்தது சிலிண்டருக்கு ஆயில் கொண்டு போற ஹோஸ். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல ஓடுற ஒரு வண்டி, ஹோஸ் பிராக்கெட்டுல உரசுதுன்னு அவங்களே பழைய டயர் டியூப வெட்டி சுத்தி கம்பிய வச்சு இறுக்கி கட்டியிருந்தாங்க. நல்ல எண்ணந்தான். ஆனா உள்ள தண்ணி தங்கி, பிரிச்சு பாத்தா ரப்பர் வெடிச்சு உள்ள உள்ள கம்பி வலை துரு பிடிச்சு கையில பொடியா வருது. உரசுற எடத்துக்கு சுருளா கிடைக்குற பிளாஸ்டிக் கவர போடுங்க, தண்ணி வடிஞ்சிடும், விலையும் பெருசா இல்ல. இல்லன்னா கிளாம்ப மாத்தி ஹோஸ கொஞ்சம் தள்ளி வச்சாலே போதும். ஸ்டியரிங்க இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒருத்தர் பைய திருப்பட்டும், இன்னொருத்தர் தள்ளி நின்னு ஹோஸ் எங்க போய் இடிக்குதுன்னு பாருங்க, நேரா நிக்கும்போது ஒண்ணும் தெரியாது.

ஒழுகுற எடத்த மட்டும் கையால தடவி தேடாதீங்க. முன் டயர்ல இருக்குறது சுமாரா 30 பிஎஸ்ஐ, ஸ்டியரிங் பிரஷர் லைன்ல ஓடுறது ஆயிரத்துக்கு மேல. ஊசி ஓட்டை வழியா வர்ற ஆயில் கண்ணுக்கே தெரியாது, தோல துளைச்சு உள்ள போயிடும். வெளிய எறும்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும், வலியும் உடனே தெரியாது, ஆனா வெரலையே எடுக்குற அளவுக்கு கொண்டு விட்டுடும். அட்டைப்பெட்டி துண்டு ஒண்ண பிடிச்சு பாருங்க, அதுல ஆயில் படும். கை வச்சு பாக்கணும்னா இஞ்சின் ஆஃப் பண்ணி, கலப்பையோ ரோட்டவேட்டரோ தரையில எறக்கி, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் நாலஞ்சு தடவ ஆட்டி பிரஷர விட்டுட்டு பொறவு கைய வைங்க. அப்படியும் கையில பட்டுடுச்சுன்னா மஞ்சள் வச்சு கட்டிட்டு வீட்டுல இருக்காதீங்க, நேரா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போயி ஹைட்ராலிக் ஆயில் உள்ள ஏறிட்டுன்னு சொல்லுங்க.

இன்னொண்ணு, இந்த வண்டிங்க பெரும்பாலானதுல ஸ்டியரிங்குக்கும் வீலுக்கும் நடுவுல இரும்பு கம்பி இணைப்பு கெடயாது, ஆயில்தான் தள்ளுது. இஞ்சின் நின்னுட்டா கஷ்டப்பட்டாவது திருப்பலாம். ஹோஸ் வெடிச்சு ஆயில் போச்சுன்னா கையில உள்ள ஸ்டியரிங் சும்மா சுத்தும். பேச்சிப்பாறை ரோட்டு எறக்கத்துல டிரெய்லர்ல லோடோட வரும்போது இது நடந்தா என்னாகும்னு நான் சொல்லணுமா? அதனால பிரஷர் ஹோஸ்ல ஒட்டு போட்டு குடுன்னு யாரும் கேக்காதீங்க, செய்ய மாட்டேன்.

ஆயிலு பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். சில வண்டிக்கு ஸ்டியரிங்குக்கு தனி டேங்க், சிலதுல கியர்பாக்ஸ் ஆயிலே ஸ்டியரிங்குக்கும் போகும், புக்க பாத்து அதுல சொன்னத மட்டும் ஊத்துங்க. ஆயிலு பால் சாயா கலர்ல இருந்தா தண்ணி ஏறியிருக்கு. நொரை தள்ளி, பம்பு முனகுற சத்தம் கேட்டா லெவல் கொறஞ்சிருக்கு, இல்ல எங்கயோ காத்து இழுக்குது. ஸ்டியரிங்க கோடியில கொண்டு போய் கீச்சுன்னு கத்த விட்டுட்டே நிக்காதீங்க, பிரஷர் மிஞ்சுனா தானா தொறக்குற ரிலீஃப் வால்வ் வழியா ஆயில் பீறிட்டு சூடாகுற சத்தமாக்கும் அது.

ஸ்டியரிங் கனமா இருக்குன்னு வர்ற வண்டிங்கள்ல நான் மொதல்ல பாக்குறது டயர் காத்து, பொறவு முன் வீல் திரும்புற அச்சான கிங் பின்ல கிரீஸ். பல தடவ அதோட சோலி முடிஞ்சிடும், பம்ப தொடவே வேண்டாம். ஸ்டியரிங் அசைவ வீலுக்கு கொண்டு போற டை ராடோட பால் ஜாயிண்டு மேல உள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கான்னும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.

தொளிக்கு எறங்குறதுக்கு முந்தி ஒரு நாளு வண்டிய கொண்டு வாங்க, ராடும் ஹோஸும் பாத்து சொல்றதுக்கு காசு வேண்டாம், காலையில பத்து மணிக்குள்ள வந்தா கூட்டம் இருக்காது. பூதப்பாண்டி அண்ணாச்சி வண்டியில இருந்து கழட்டுன ராடயும் சீலயும் தூக்கி போடல, மேசை மேலயே வச்சிருக்கேன். வரும்போது நகத்த வச்சு பாருங்க.

அன்புடன்,
உங்க ஒர்க்‌ஷாப்காரன்